பதினேழாம் பக்கம் இல்லாத படம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் சொல்வது இலக்கியப் பொய் இல்லை. 2003 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு, செம்பாக்கத்தில் ஒரு மாடியில், மைக்கைப் பிடித்துக்கொண்டு அறுபது பேருக்கு முன்னால் நான் வாய்கூசாமல் சொன்ன பொய். அதை நம்பியவர் ஒரே ஒருவர்.

ஆறு வருஷமாக இதை எழுதப் பார்க்கிறேன். தொடக்கங்கள் மட்டும் ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன. மூன்றைக் காட்டுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

'செம்பாக்கம் ஏரியின்மேல் மாலை வெயில் பொன்னாக' (ஏரிக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அழகாக ஆரம்பித்தால் அழுக்கு தெரியாது என்று நினைத்திருக்கிறேன்.)

'முத்தாலம்மாள் என்று ஒரு மீன்காரி இருந்தாள்.' (இருந்தாள் என்றால் செத்துப்போனவர் மாதிரி ஆகிவிடுகிறது. அவர் உயிரோடு இருக்கிறார். இன்னொன்று, எல்லாப் பிரதியிலும் தியேட்டர்காரரை 'அவர்' என்றும் மீன் விற்றவரை 'அவள்' என்றும்தான் எழுதி வைத்திருக்கிறேன். திருத்திவிட்டேன். திருத்தினதாலேயே நான் யோக்கியன் ஆகிவிட மாட்டேன்.)

'நான் ஒரு கோழை.' (உண்மைதான். ஆனால் இப்படி ஆரம்பிக்கிறவன் பாராட்டுக்கு அலைகிறவன்.)

சரி, தொடக்கம் வேண்டாம். நேரே கொட்டகைக்குப் போவோம்.

2

அச்சுதன் சார் ரயில்வேயில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, தன் வீட்டு மாடியில் எழுபத்திரண்டு இருக்கை போட்டு ஒரு சின்னத் தியேட்டர் கட்டினார். பழைய படங்கள், வெளிநாட்டுப் படங்கள், இவை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு காட்சி. காகிதத்தில் அது திரைப்படச் சங்கம். தெருவில் அதற்கு 'மைக்கு கொட்டாய்' என்று பெயர்.

மைக் என்னுடையது. வெளிநாட்டுப் படச் சுருள்கள் தூதரகங்களிலிருந்து இரவலாக வரும். பலவற்றில் திரையின் அடியில் எழுத்து ஓடாது. பதிலுக்கு, வசனத்தையெல்லாம் இங்கிலீஷில் டைப் அடித்த தாள்கட்டு ஒன்றைக் கூட அனுப்புவார்கள். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த நான், புரொஜக்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, சின்ன விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டும். கதாநாயகிக்கும் நான்தான் குரல், குழந்தைக்கும் நான்தான், போலீஸ்காரனுக்கும் நான்தான்.

முதலில் சனிக்கிழமையே உட்கார்ந்து மொழிபெயர்த்து வைத்துக்கொள்வேன். ஐம்பது படம் தாண்டியதும் திமிர் ஏறிவிட்டது. பார்த்த மாத்திரத்தில் சொல்ல ஆரம்பித்தேன். தாளை ஒரு புரட்டு புரட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். கூட்டத்தில் பாதிப்பேர் சப்டைட்டில் ஓடும் படத்துக்குக்கூட என் குரல் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டால் யாருக்குத்தான் தலைகால் புரியும்?

முத்தாலம்மாள் கடைசி வரிசையில் கதவோரம் உட்காருவார். கோவளத்துக்கு வடக்கே ஒரு குப்பம் அவருக்கு. விடிகாலையில் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மாறி வந்து, செம்பாக்கம் தெருக்களில் மீன் விற்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் காலிக் கூடையோடு மாடி ஏறுவார். முதலில் ஃபேன் காற்றுக்காகத்தான் வந்தாராம். அப்புறம் படத்துக்காக. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, எழுத்து ஓடாத இந்தப் படங்கள்தான் வசதி. வாசனை வருகிறது என்று சிலர் முகம் சுளித்தார்கள். அச்சுதன் சார் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கதவோரத்து நாற்காலியை அவருக்கென்று விட்டுவிட்டார். முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன். இதை மறைத்துவிட்டு மேலே போக எனக்கு ஆசைதான்.

3

அன்றைய படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வடக்கே, கடல் உறைந்துபோகிற ஒரு நாட்டுப் படம். மீனவன் ஒருவன் கடலுக்குப் போகிறான். பனிக்காலம் வந்துவிடுகிறது, அவன் வரவில்லை. மனைவி காத்திருக்கிறாள். இவ்வளவுதான் கதை. அந்த ஒன்றரை மணி நேரமும் கதவோரத்தில் ஒரு அசைவுகூட இல்லை என்று பின்னால் அச்சுதன் சார் சொன்னார்.

கடைசிக் காட்சி. துறைமுகத்தில் அவள் நிற்கிறாள். தொப்பி வைத்த கிழவர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கி, அவளிடம் ஒரு நிமிஷத்துக்கும் மேலாக எதையோ சொல்கிறார். நான் பதினாறாம் பக்கத்தைப் புரட்டினேன். அடியில் என் மடிதான் இருந்தது.

பதினேழாம் பக்கம் இல்லை.

(நடந்தது இதுதான். சுருளோடு வந்த மூலத் தாள்களை உடனே திருப்பித் தர வேண்டும் என்பதால், சனிக்கிழமை மேற்குத் தாம்பரத்தில் ரத்தினபாய் அம்மாவின் கடையில் ஜெராக்ஸ் எடுத்தேன். கடைசித் தாள் நகலாகாமலே மிஷினின் மூடிக்கு அடியில் தங்கிவிட்டது. ஜெராக்ஸ் எடுக்கிற ஜனங்கள் எல்லோரும் செய்கிற தப்பு. அன்றைக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.)

திரையில் கிழவர் பேசிக்கொண்டே இருக்கிறார். அறுபது தலைகள் காத்திருக்கின்றன. 'பக்கம் காணவில்லை, மன்னிக்கவும்' என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தேன். அந்தப் பெண் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு கீழே உட்காருகிறாள். தோள் குலுங்குகிறது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. சிரிப்பு என்று நான் முடிவு செய்தேன்.

"உன் புருஷன் உயிரோடு இருக்கிறான். வேறொரு நாட்டுக் கரையில் ஒதுங்கியிருக்கிறான். பனி உருகினதும் கப்பலில் வருவான். அவன் இல்லை என்று யார் வந்து சொன்னாலும் நம்பாதே."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு எந்தத் தேவையும் இல்லை. கைதட்டலுக்காகச் சேர்த்தேன். கைதட்டலும் கிடைத்தது.

4

எனக்கு அப்போது தெரியாத விஷயம்: மூன்று மாதத்துக்கு முன்னால், நவம்பர் புயலில், முத்தாலம்மாளின் ஒரே மகன் கோபு கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகும் இல்லை, உடலும் இல்லை. அவனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவி பெயர் அஞ்சலி, இருபது வயது. உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்கிற காரியத்தை வருகிற வெள்ளிக்கிழமை செய்துவிடலாம் என்று குப்பத்துப் பெரியவர்கள் நாள் குறித்திருந்தார்கள். மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கும் தனசேகர், அஞ்சலிக்கு அப்பா வழியில் அத்தை மகன், காரியம் முடிந்து கொஞ்ச நாள் போகட்டும், நான் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான். முத்தாலம்மாளும் அரைமனதாகத் தலையாட்டியிருந்தார்.

தெரிந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாயா என்று நீங்கள் கேட்கலாம். இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது.

காட்சி முடிந்ததும் அவர் என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தாளு சைக்கிள்ல வந்து இன்னா சொன்னான் சார்? இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். வெள்ளிக்கிழமை காரியம் நடக்கவில்லை. என் புள்ளை உயிரோட கீறான் என்று அவர் தலைவாசலில் உட்கார்ந்துவிட்டாராம். அஞ்சலியின் கழுத்துத் தாலியில் யாரும் கை வைக்கக் கூடாது என்றாராம்.

அடுத்த ஞாயிறும் கேட்டார். அதற்கடுத்த ஞாயிறும். கேட்கக் கேட்க நான் வளர்த்தேன். அந்தக் கரைக்கு ஒரு ஊர்ப் பெயர் வைத்தேன். அவனுக்குக் கஞ்சி ஊற்றிய ஒரு குடும்பத்தை உண்டாக்கினேன். பனி எப்படி உடையும், உடையும்போது என்ன சத்தம் கேட்கும் என்றெல்லாம், பார்த்தே இராத பனியைப் பற்றி அளந்துவிட்டேன். என் கதைகள் அதுவரை இரண்டு சிறுபத்திரிகையில் வந்திருந்தன; என் மனைவிகூட முழுதாகப் படித்ததில்லை. இவரோ ஒரு சொல் மாற்றிச் சொன்னால் கண்டுபிடித்து, போன வாரம் அப்டி சொல்லலியே சார் என்பார். இப்படி ஒருவர் கிடைக்கமாட்டாரா என்று ஏங்காத எழுத்தாளன் உண்டா? வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சந்தோஷமாக இருந்தேன்.*

* மகனைப் பற்றி எனக்கு எப்போது தெரிய வந்தது? இரண்டாவது வாரமே. அவரே சொன்னார். அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை அடிக்குறிப்பில் தள்ளியிருக்கிறேன் என்பதைக் கவனியுங்கள்.

5

மூன்றாவது வாரம் ரத்தினபாய் அம்மா கடை வழியாகப் போனபோது கூப்பிட்டு, டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். உங்களுடையதுதானே, மிஷினிலேயே விட்டுவிட்டீர்கள், எடுத்து வைத்தேன் என்றார். நன்றி சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் நின்று படித்தேன்.

கிழவர் சொன்னது இதுதான்: படகு கிடைத்துவிட்டது. உள்ளே யாரும் இல்லை. பனி உருகும்வரை காத்திருக்காதே, பெண்ணே, நீ சின்னவள். வீட்டுக்குப் போ.

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

6

(இந்தப் பகுதியை ஏழு முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு பிரதியிலும் நான் கொஞ்சம் நல்லவனாகிக்கொண்டே வந்தேன். இது எட்டாவது.)

ஏப்ரலில் ஒரு நாள் அஞ்சலி கொட்டகைக்கு வந்தாள். படிக்கட்டிலேயே நின்றுகொண்டாள். மாமியாருக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள். அவளை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. படத்தில் நிஜமாகவே அப்படித்தான் வந்ததா என்று கேட்டாள். அந்தத் தாள் இன்னும் இருந்த சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டே இல்லை என்றேன்.

"ஊர்ல பெரியவங்க சொல்லியாச்சி, எங்கூடப் பொறந்த அண்ணன் சொல்லியாச்சி, அத்தை யார் பேச்சையும் கேக்கல. நீங்க சொன்னதுதான் அதுக்கு வேதம். நீங்கதான சொன்னீங்க சார், நீங்களே இல்லன்னு சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன். அடுத்த இரண்டு ஞாயிறு சொல்லவில்லை. மூன்றாவது ஞாயிறு, காட்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, முத்தாலம்மாளை உட்கார வைத்து அந்தத் தாளைப் பிரித்து வரிவரியாகப் படித்துக் காட்டினேன். அன்றைக்கு நான் சொன்னது என் கற்பனை, இதுதான் உண்மை, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். வார்த்தைகள் சரியாகத்தான் இருந்தன.

அவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எவனோ டைப் அடிச்சது சார். அன்னிக்கு நீ பேப்பர பாக்கல. நான் பாத்துகினுதான இருந்தேன்? படம் பூரா குனிஞ்சிகினே படிச்ச. அந்த ஒரு எடத்துலதான் தலைய தூக்கிகினு, படத்தப் பாத்து, நீயா சொன்ன. அது பொய்யா?"

நான் எழுதியதிலேயே நிஜம்போல ஒலித்தது அந்த நாலு வாக்கியம்தான் என்பது எனக்கும் தெரியும்.

"அஞ்சலி உங்கிட்ட வந்துச்சா?" என்று கேட்டார்.

நான் தாளை வாங்கி மடிக்க ஆரம்பித்தேன். அதுவே பதிலாகிவிட்டது. மறுநாளிலிருந்து அஞ்சலியின் தலையிலும் ஒரு கூடை ஏறியது. காலையில் மாமியாரோடு கிளம்பி மாமியாரோடு திரும்புவாள். தனியாக ஒரு நிமிஷம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கதவோரத்து நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் இருப்பாள். என்னையும் பார்க்க மாட்டாள்.

7

தனசேகரோடு எனக்குப் பெரிய தொல்லை. கதைக்கு ஒரு கெட்டவன் இருந்தால் என் பாரம் கொஞ்சம் குறையுமே என்று அவனைக் குடிகாரனாக்கிப் பார்த்தேன், பேராசைக்காரனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நிஜத்தில் அவன் இரண்டு வருஷம் காத்திருந்தான். ஷிப்ட் முடிந்து செம்பாக்கம் வந்து, அவர்கள் மீன் விற்கிற தெருவில் எதிர்ப்பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போவான். 2005 தை மாதம் அவன் வீட்டில் கூடுவாஞ்சேரியில் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். அவனைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

இனி முடிவுகள். என்னிடம் இருந்தவை:

அ) கோபு திரும்பி வருகிறான். (எழுதினேன். பன்னிரண்டு பக்கம். நானே அழுதேன். கிழித்துப்போட்டேன்.)

ஆ) 2004 டிசம்பர் வருகிறது. எந்த டிசம்பர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அலை முத்தாலம்மாளைக் கொண்டுபோகிறது, அஞ்சலி தப்பித்து தனசேகரிடம் போகிறாள். (எவ்வளவு கச்சிதம் பாருங்கள்! அந்தக் காலையில் இருவரும் கூடையோடு செம்பாக்கத்தில் இருந்தார்கள். குடிசை போயிற்று, ஆட்கள் பிழைத்தார்கள். அவர் பிழைத்தாரே என்று கடவுளுக்கு நன்றி சொன்ன அதே நான், அடுத்த மாதமே இந்த முடிவை எழுதி, நன்றாக வந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்தேன். பிரதி இன்னும் இருக்கிறது. என்னைப் பற்றி இதைவிட மோசமாக யாரும் எழுத முடியாது.)

இ) அஞ்சலி ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு

(இதற்கு மேல் எழுத வரவில்லை. இறக்கி வைத்துவிட்டு எங்கே போவாள்? அவளுக்குப் போக இருந்த ஒரே இடத்தை நான்தான் அடைத்தேன்.)

அச்சுதன் சார் 2007இல் கொட்டகையை மூடிவிட்டு பெங்களூரில் மகனோடு போய் இருந்துவிட்டார். அவரிடம் பதினேழாம் பக்கத்தைப் பற்றி நான் சொல்லவே இல்லை. மாடியில் இப்போது டியூஷன் சென்டர் நடக்கிறது.

8

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஒரு குற்றவாளி, ஒரு குற்றம், கொஞ்சம் புலம்பல். பத்திரிகைக்கு அனுப்பும் அளவுக்கு வந்துவிட்டது. போன வாரம், 2009 டிசம்பரில், செம்பாக்கம் திருப்பத்தில் அஞ்சலியைப் பார்க்காமல் இருந்திருந்தால் அனுப்பியிருப்பேன்.

தனியாக உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்தாள். அவளே என்னைக் கூப்பிட்டாள். கழுத்தில் தாலி இருந்தது. அரைக்கிலோ சங்கரா கேட்டேன், வேறென்ன கேட்பது என்று தெரியாமல். நிறுத்துக்கொண்டே பேசினாள். ஆடி மாதத்திலிருந்து அத்தை படுத்த படுக்கை, கண்ணும் சரியாகத் தெரிவதில்லை.

"பேப்பர் வந்துடுச்சி சார். ஏழு வருசம் ஆச்சில்ல, செத்துட்டாருன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

அத்தையிடம் காட்டினாயா என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறாளாம்.

தினமும் மத்தியானம் அத்தை அந்தப் படத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாராம். அவள்தான் சொல்கிறாள். சைக்கிள், தொப்பிக் கிழவர், பனி உடைகிற சத்தம், கஞ்சி ஊற்றிய குடும்பம், எல்லாம். நான் சொன்னதோடு அவளும் கொஞ்சம் சேர்த்திருக்கிறாள். கரையில் ஒரு நாய் அவனுக்காகத் தினமும் வந்து நிற்குமாம். என் கதையில் நாய் கிடையாது. எவ்வளவு நல்ல நாய் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமைப்படுகிற நேரமா அது, சொல்லுங்கள்.

"பனியெல்லாம் உருகிடுச்சி சார். கப்பலும் வந்துடுச்சி. பத்து நாளா கரையிலயே நிக்கிது. ஆள எறக்க எனக்குத் தெரியல. எறங்கினதும் பொண்டாட்டிய பாத்து மொதல்ல இன்னா கேப்பான்?"

"அஞ்சலி, அது நான் கட்டிவிட்டது. உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும் சார். அதனாலதான் உங்கள கேக்குறேன்."

அத்தைக்கு ஏதாவது ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டியதுதானே என்றேன். அவள் மீனைப் பலகையில் போட்டாள்.

"அத்தைக்கு மட்டும்னா நானே எதையாவது சொல்லியிருப்பேன் சார்" என்றாள்.

9

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதுவும் நன்றாக வந்துவிடும். எனக்கு அந்தப் பயம் இருக்கிறது. உங்களிடம் விடுகிறேன். பெருந்தன்மையால் இல்லை, என் வாயை நான் நம்பவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு இருபத்தேழு வயது. அவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். நீங்கள் சொல்வது பொய் என்றும் தெரியும். சொன்னால் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டுபோய் மாமியாரிடம் சொல்வாள், அப்புறம் அதன்படி இருப்பாள். கப்பலிலிருந்து இறங்குகிறவன் 'எனக்காகக் காத்திருந்தாயா' என்று கேட்டால், அவள் இன்னும் முப்பது வருஷம் காத்திருப்பாள். 'ஏன் காத்திருந்தாய்' என்று கேட்டால், போன ஏழு வருஷத்தை என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவனை இறக்காமலே விட்டுவிடலாம் என்றால் படுக்கையில் ஒருவர் தினமும் மத்தியானம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் பார்க்காதீர்கள், நான் அப்படித்தான் கெட்டேன். சீக்கிரம் சொல்லுங்கள். அவள் செதில் எடுத்து முடித்துவிட்டாள், கையைக் கழுவிக்கொண்டு உங்களைத்தான் பார்க்கிறாள்.